மறுப்புச் சொல்லாத வீடுகள்

றோஸி மரியதாஸ் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி. கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார், மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் கல்யாணம் முடித்து இத்தாலியில் இருக்கிறாள். தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்துகொண்டு, தினமும் வெள்ளவத்தைக்குப் பஸ் பிடித்து வேலைக்குப் போய்வந்தாள். பழுதான வீடுகளைத் திருத்திக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் அவள் விற்பனை மனேஜர்.

வெள்ளவத்தையில் அந்தத் தொழிலுக்குப் பஞ்சமே கிடையாது. கடற்கரைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் உப்புக் காற்று கொங்கிறீட்டுக்குள் புகுந்து கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும். கறள் ஏறிய கம்பி வீங்கும். பிறகு ஒருநாள் தலைக்கு மேலிருந்து பாளமாக இடிந்து விழும். அதற்கு முன்னால் வீட்டுக்காரரைப் பார்த்து, சுவரைத் தட்டி வெற்றுச் சத்தத்தைக் கேட்கவைத்து, கொஞ்சம் பயத்தையும் கொஞ்சம் நம்பிக்கையையும் கலந்து கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் றோஸியின் வேலை. பயம் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்கிற அளவு அவளுக்குக் கைவந்திருந்தது. அப்படியிருந்தும் பத்து வீடு ஏறினால் ஒன்றோ இரண்டோதான் தேறும். மற்ற வீடுகளில் "பிறகு பாப்பம்" என்பார்கள், அல்லது நாயை அவிழ்த்துவிடுவார்கள்.

போன வருடம் மழைக்காலம் தொடங்க முன்னர் முதலாளி சிவானந்தன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்து எஞ்சினியர். வெளிநாட்டில் சம்பாதித்துக்கொண்டு வந்து கம்பனி தொடங்கியவர். குரல் உயர்த்தி ஒருநாளும் கதைக்க மாட்டார்.

"ஆமியில ஆக்களைக் குறைக்கினமாம் றோஸி. விலகி வாறவைக்கு வேலை குடுக்கச் சொல்லி எங்களைப்போல கம்பனியளைக் கேட்டிருக்கினம். நான் ஆறு பேரை எடுத்திருக்கிறன். நீங்கள்தான் பழக்கவேணும்."

"ஆமியா சேர்?"

"முந்தி ஆமி. இப்ப சேல்ஸ்" என்று சொல்லிச் சிரித்தார்.

முதல் நாள் வகுப்புக்குள் றோஸி நுழைந்ததும் ஆறு பேரும் ஒரே அசைவில் எழும்பி நின்றார்கள். அவள் இருக்கச் சொன்னதும் ஒரே அசைவில் இருந்தார்கள். கைகள் முழங்காலில். எல்லாரும் நாற்பதை ஒட்டிய வயது. சிரிக்க முயன்ற முகங்கள். றோஸி வாய் திறக்க முதல் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கவனித்தாள். பைக்குள் அடையாள அட்டை கிடந்தது. கொட்டாஞ்சேனையில் யுத்த காலத்தில் அவள் அந்த அட்டையைக் குளியலறைக்குப் போகும்போதும் கையோடு கொண்டுபோனவள். கல்யாணமான புதிதில் ஒரு விடியற்காலையில் ஆமிக்காரர் தெருவோடு எல்லாரையும் வெளியே எடுத்து வரிசையில் நிறுத்தியபோது, நைட்டியோடு நின்றவள். அதெல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆனால் வகுப்புத் தொடங்கி சில நாட்களில் அவளுக்கு அவர்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது. இளவயதில் இராணுவத்தில் போய்ச் சேர்ந்தவர்கள். வெளியே வந்து பார்த்தால் கையில் எந்தத் தொழிலும் இல்லை. "உங்களுக்கு என்ன நல்லா வரும்?" என்று ஒவ்வொருவரிடமும் சிங்களத்தில் கேட்டாள். நிலந்த என்ற சார்ஜன்ட் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நித்திரை கொள்ளாமல் இருப்பேன் மிஸ்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் தலையை ஆட்டினார்கள்.

அவர்களுக்கு றோஸி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். சுவரில் ஓதம், அந்த ஈரக்கசிவு, எப்படி ஏறும், சிலாப் எங்கே முதலில் வெடிக்கும், எந்த மருந்து எதற்குப் பூசுவது. அதைவிட முக்கியமாக, ஒரு வீட்டு வாசலில் எப்படி நிற்பது.

"பெல்லை ஒரு தரம்தான் அடிக்கணும். அடிச்சிட்டு ரெண்டு அடி பின்னால வந்திடணும். கதவைத் திறக்கிறவங்களுக்கு முதல்ல வெளிச்சம் தெரியணும். அதுக்குப் பிறகுதான் நீங்க தெரியணும். அவங்க தோளுக்கு மேலால உள்ளுக்குப் பார்க்கக் கூடாது."

சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். ஒருவரும் ஒருநாளும் பிந்தி வரவில்லை. ஐந்து பேர் தெஹிவளை, நுகேகொடைப் பக்கம் போனார்கள். நிலந்தவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும் என்பதால் சிவானந்தன் அவனை வெள்ளவத்தையில் போட்டார்.

நிலந்த குருணாகல் பக்கத்து ஆள். மகள் உயர்தரம் படிக்கிறாள். மழை வந்தால் தன் குடையை றோஸியிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடப்பான். றோஸி அவனைத் தம்பியாக நினைத்து, சிங்களத்தில் மல்லி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

அவன் வெளியே இறங்கிய முதல் மாதமே றோஸி தன் வாழ்நாளில் கொண்டுவராத அளவு ஓடர் கொண்டுவந்தான். அடுத்த மாதம் அதைவிடக் கூட. கந்தோரில் கேக் வெட்டினார்கள். றோஸி கைதட்டினாள். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் அவளுக்கு அது உறைத்தது. நிலந்த ஏறிய எந்த வீட்டிலும் மறுப்பு வந்ததில்லை. "பிறகு பாப்பம்" என்றுகூட ஒருத்தர் சொன்னதில்லை. இத்தனை வருடத்தில் அவள் நல்ல விற்பனையாளர்கள் பலரைப் பார்த்திருக்கிறாள். எல்லா வீட்டிலும் ஓம் வாங்கிய ஒருத்தரையும் பார்த்ததில்லை.

மறுநாள் நிலந்தவிடம் ஓடர் கொடுத்தவர்களுக்கு அவள் ஒவ்வொருவராகப் போன் எடுத்தாள். எல்லாரும் நல்ல விதமாகவே சொன்னார்கள். சண்முகலிங்கம் என்ற ஓய்வுபெற்ற தபாலதிபர் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார்.

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லை பிள்ளை. தம்பி நல்ல மரியாதையாத்தான் நடந்தவர். நாங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்ல மாட்டம்."

"என்னத்தைச் சொல்ல மாட்டீங்க ஐயா?"

"ஒண்டும் சொல்ல மாட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

றோஸி அன்று பின்னேரமே அங்கே போனாள். கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஐந்து மாடிக் கட்டடம். சண்முகலிங்கமும் மனைவி நேசமலரும் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது, ஜன்னல் கண்ணாடி முழுக்க உப்புப் படலம். றோஸி ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தாள். கூரைச் சிலாப்புக்கு மேலே நீர்க்காப்புப் பூச்சு. அவள் நிமிர்ந்து சீலிங்கைப் பார்த்தாள். அதற்கு மேலே இன்னும் இரண்டு வீடுகள் இருந்தன.

"ஐயா, உங்களுக்கு மேல கூரையே இல்லையே. இதுக்கு ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

சண்முகலிங்கம் மனைவியைப் பார்த்தார். நேசமலர் எழும்பிப் போய் உள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி கேட்டவர். போட்டனான்" என்றார் சண்முகலிங்கம்.

"நான் இதைக் கான்சல் பண்ணித் தாறேன். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும்."

"வேண்டாம்."

"ஏன்?"

"கான்சல் பண்ணினால் அவர் ஏன் எண்டு கேக்கத் திருப்பி வருவார்தானே?"

அவர் அதைச் சொன்ன விதம் றோஸியைத் திகைக்க வைத்தது. கோபமோ குறையோ அதில் இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அடுத்த நாள் காலை அவள் நிலந்தவுடன் கூடப் போனாள். அவன் சந்தோசப்பட்டான். ஒரு பழைய தனிவீடு. மதிலில் வெடிப்பு, மாடி விளிம்பில் பாசி. நிலந்த பெல்லை ஒரு தரம் அடித்தான். இரண்டு அடி பின்னால் வந்தான். கைகளை முன்னால் கட்டிக்கொண்டான். றோஸி பழக்கியதில் ஒரு சொட்டும் தவறவில்லை.

கதவைத் திறந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண், மயூரி. பின்னால் எங்கேயோ குழந்தையின் சத்தம் கேட்டது. நிலந்த சிரித்த முகத்தோடு தமிழில் சொன்னான்:

"பயம் வேணாம். வீடு பாக்க வந்த."

அதே சொற்கள். அந்த விடியற்காலையில் கொட்டாஞ்சேனையில் அவள் வாசலில் கேட்ட அதே சொற்கள், அதே உடைந்த தமிழ்.

மயூரி ஒன்றும் கேட்கவில்லை. கம்பனி எது, எதற்கு வந்தீர்கள், ஒன்றுமே கேட்கவில்லை. கதவை முழுதாகத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நிலந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

"பின்னுக்கு அறை இருக்கா? மேல யாரு? எத்தினை பேர் இருக்கு?"

எத்தனை பேர் என்பது தண்ணீர்த் தொட்டியின் அளவுக்காகக் கேட்கவேண்டிய கேள்விதான். மயூரி உள்ளே போனாள். குழந்தையின் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பி வந்தபோது அவள் கையில் நான்கு அடையாள அட்டைகள் இருந்தன. அவற்றை நீட்டினாள்.

நிலந்தவின் கை நீண்டது. அட்டைகளை வாங்கி, விசிறிபோல விரித்து, முதல் அட்டையைப் பார்த்துவிட்டு மயூரியின் முகத்தைப் பார்த்தான். இரண்டாவது அட்டைக்கு வந்தபோதுதான் அவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று விளங்கியது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. அட்டைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் றோஸியைப் பார்த்தான். மயூரி சுவரோடு ஒட்டி நின்று, "அவர் வேலைக்குப் போயிட்டார். பின்னேரம் வந்திடுவார். போன் பண்ணட்டோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

றோஸி அட்டைகளை அவன் கையிலிருந்து எடுத்து மயூரியின் கைக்குள் வைத்து மூடினாள். "தங்கச்சி, நாங்க வீடு திருத்துற கம்பனி. உங்களுக்கு ஒண்டும் வேண்டாமெண்டால் இப்பவே போறோம்" என்றாள். மயூரி தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

கடற்கரை ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிலந்த ஒரு கல்லில் உட்கார்ந்தான். அலை கற்களில் மோதித் தூவானமாக அவர்கள்மேல் விழுந்தது.

"அந்தத் தமிழை எங்கே படிச்சீங்க மல்லி?" றோஸி சிங்களத்தில் கேட்டாள்.

"செக் பொயின்டில. பிறகு இங்கேயேதான், வெள்ளவத்தையில. அப்ப எனக்கு இருபத்திநாலு வயசு. இந்த ஒழுங்கை எல்லாம் எனக்குத் தெரியும் மிஸ். நான் உங்களுக்குச் சொல்லேல்லை." பிறகு சொன்னான்: "பயம் வேணாம் எண்டு சொல்றது மரியாதை எண்டுதான் நினைச்சேன். அப்பவும் அப்படித்தான் நினைச்சேன். நான் இந்த வேலையில கெட்டிக்காரன் எண்டு மகளுக்கு எழுதினேன்."

றோஸிக்கு அவனைத் தேற்றவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை.

சிவானந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"ஓம். எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முதல் மாசமே தெரியும். றோஸி, அவர் பொய் சொன்னவரோ? இல்லை. வெருட்டினவரோ? இல்லை. அவர் போய் நிக்கிறார், அவை கதவைத் திறக்கினம். அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?"

"சேர், நீங்களும் அந்தக் காலத்தில இங்கதானே இருந்தீங்க?"

"இருந்தனான். அதாலதான் சொல்லுறன், எங்கட சனம் ஆமிக்கு இல்லையெண்டு சொல்லாது." அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அடுத்த மாசம் இன்னும் பத்துப் பேர் வருகினம். எல்லாரையும் வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும்தான் போடப்போறன். பழக்கேக்க அந்த ரெண்டு அடி பின்னுக்கு நிக்கிற விஷயத்தை விடுங்கோ. அது தேவையில்லை."

அவர் அதையும் அதே மெல்லிய குரலில்தான் சொன்னார்.

அடுத்த வாரங்களில் அவள் வேலை தொடங்காத ஓடர்களை நிறுத்த முயன்றாள். நிலந்தவைக் கூட்டிப் போக முடியாது, தனியாகத்தான் போனாள். அது நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சில வீடுகளில் "இருக்கட்டும், செய்யுங்கோ" என்று கெஞ்சினார்கள். தாங்கள் உண்மையானவர்களா என்று பார்க்கத்தான் இவளை அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஒரு வீட்டில் கேளாமலே தேநீரும் பலகாரமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் குடித்து முடியும்வரை நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் முகத்தையும் இவர்கள் ஆமிக்காரரின் வரிசையில் சேர்த்துவிட்டார்கள் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. சண்முகலிங்கத்தின் ஓடரை அவர் கையெழுத்தில்லாமல் தன் பொறுப்பில் நிறுத்தினாள்.

பத்துப் பேரும் வந்த நாள் சிவானந்தன் தானே வகுப்பெடுத்தார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற றோஸிக்கு அவர் தமிழ்ச் சொற்களைச் சொல்லிக் கொடுப்பதும், பத்துக் குரல்கள் அதைத் திருப்பிச் சொல்வதும் கேட்டது. சொற்கள் தெளிவாக விழவில்லை. தாளம் மட்டும் கேட்டது. அவள் மேசையைத் துப்புரவாக்கிவிட்டு வெளியேறினாள். யாரும் தடுக்கவில்லை. நிலந்த படிக்கட்டில் அவளுக்காகக் காத்திருந்தான். அவனும் தன் கம்பனி அட்டையைக் கழற்றிக் கொடுத்திருந்தான்.

ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஹாஷிம் நானாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. சீமெந்து, பெயின்ட், ஓத மருந்து எல்லாம் விற்கும் கடை. றோஸி அவரிடம் போய், தனக்கும் ஒரு வேலை, நிலந்தவுக்கும் ஒரு வேலை என்று கேட்டாள்.

"ஆமியில ஈந்த ஆளா?" ஹாஷிம் தாடியைத் தடவினார். "எங்கட கஸ்டமருக்குப் பிரச்சினை வராதா?"

"இங்க அவங்கதானே நானா இவரைத் தேடி வருவாங்க. இவர் ஒருத்தர்ட வாசலுக்கும் போகப்போறதில்லை."

ஹாஷிம் ஒரு மாதம் வைத்துப் பார்க்கச் சம்மதித்தார். றோஸி நிலந்தவின் தமிழை அடியிலிருந்து திருத்தத் தொடங்கினாள். "வாங்க, இருங்க, என்ன வேணும், யோசிச்சிட்டுச் சொல்லுங்க." கடைசி வாக்கியத்தைத்தான் அவனால் இலகுவில் சொல்ல முடியவில்லை. அவன் படித்த தமிழில் யோசிக்க நேரம் கொடுக்கும் சொல்லே இருக்கவில்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்று, வரும் மேசன்மாரிடமும் பெண்களிடமும் ஏச்சு வாங்கி, பேரம் பேசி, மெல்ல மெல்லப் பழகினான். ஜிந்துப்பிட்டிப் பெண்கள் அவனுக்கு ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. சாப்பாட்டு நேரங்களில் அது அவன் முகத்தில் தெரிந்தது.

ஆனால் வெள்ளவத்தைப் பக்கம் போய்வருகிறவர்கள் சொல்லும் கதை வேறாக இருந்தது. ஒழுங்கை ஒழுங்கையாக சிவானந்தனின் கம்பனிப் பலகை கேற்றுகளில் ஏறிக்கொண்டிருந்தது. நல்ல சுவர்களைக் கொத்தி எடுத்துத் திரும்பவும் பூசுகிறார்களாம். வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

ஒரு மழைப் பின்னேரம் றோஸிக்குப் போன் வந்தது. சண்முகலிங்கத்தின் குரல், மூச்சுப்போல மெல்லியதாக.

"பிள்ளை, ரெண்டு பேர் வந்து நிக்கினம். ஏன் கான்சல் பண்ணினது எண்டு கேக்கினம். நாங்கள் கதவைத் திறக்கேல்லை. லைட்டையும் நூத்திட்டு இருக்கிறம். கதவுக்குக் கீழால அவையின்ர கால் தெரியுது."

"திறக்க வேண்டாம் ஐயா. நான் வாறேன்."

நிலந்த கவுன்டரைவிட்டு வெளியே வந்துவிட்டான். "நானும் வரட்டுமா மிஸ்? நான் சொன்னால் கேப்பாங்க."

அது உண்மைதான். அவன் சொன்னால் கேட்பார்கள். ஆனால் அந்தப் படிக்கட்டில் அவன் போய் நின்றால், கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு இரண்டு பேர் மூன்று பேராகத்தான் தெரிவார்கள். றோஸி அவன் கண்ணைப் பார்க்காமல், "வேணாம் மல்லி" என்றாள். அவன் திரும்பிப் போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்றான்.

மூன்றாம் மாடிப் படியில் வெள்ளைச் சட்டை போட்ட இருவர் நின்றார்கள். முகம் சிறுவயதாகத்தான் இருந்தது. ஒருவனின் சப்பாத்து நுனி கதவை முட்டிக்கொண்டிருந்தது.

"திறக்கும் வரைக்கும் நிக்கச் சொல்லி சேர் சொன்னவர்" என்றான் சிங்களத்தில், மிகவும் பணிவாக. "உள்ளே ஆள் இருக்கு. டிவியை நிப்பாட்டின சத்தம் கேட்டது. நீங்க யாரு மிஸ்?"

"உங்களுக்கு முதல் வந்த ஆறு பேரைப் பழக்கினவ. இந்த ஓடரை நிப்பாட்டினது நான். கேக்கிறதை என்னட்டக் கேளுங்க. நீங்க போகும் வரைக்கும் நானும் இங்கதான் நிப்பேன்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாருடைய கட்டளையைக் கேட்பது என்று தெரியாத பார்வை. கொஞ்ச நேரத்தில், "நாங்க எங்கட வேலையைத்தான் செய்யிறோம் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்கள்.

சங்கிலி போட்டபடி கதவு ஒரு கையளவு திறந்தது. இருட்டுக்குள் சண்முகலிங்கத்தின் முகம் தெரிந்தது. பின்னால் நேசமலர்.

"போயிட்டாங்க ஐயா" என்றாள் றோஸி.

"இந்த வேலைக்கு அவையளைப் பழக்கி எங்கட வாசலுக்கு அனுப்பினது ஆர்?"

"நானும்தான் ஐயா."

"அப்ப நீங்களும் போங்கோ." குரல் நடுங்கவில்லை. "எங்கட வீட்டில ஒண்டும் திருத்த வேண்டாம். இனி இந்தப் படியில ஏற வேண்டாம்."

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. றோஸி அந்த மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். முகம் எரிந்தது. ஆனாலும் அந்த மனிதர் கடைசியில் ஒருத்தருக்கு இல்லை என்று சொல்லிவிட்டாரே என்று அவள் நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்தது.

கீழே ஒழுங்கையில் மழை வலுத்திருந்தது. அந்த இருவரும் பக்கத்துக் கட்டடத்தின் கேற்றில் நின்றார்கள். றோஸி அவர்களைக் கூப்பிட வாய் திறந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெண் குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்து, ஒன்றும் கேட்காமல், கேற்றை அகலத் திறந்துவிட்டாள்.